சின்ன அறைக்குப் போகும் சூடு

அத்தியாயம் பதினான்கு

வேனின் பின்கதவு திறந்ததும் நாம்சூன் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சுருள்தான். தரைக்கு அவள் கேட்டிருந்த மரப்பலகைப் பெட்டி ஒன்றுகூட இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்புச் சுருள், வெளிறிய மஞ்சள் நிறத்தில், இரண்டு இடத்தில் கயிறு கட்டிக் கிடந்தது.

"இது யார் வீட்டுக்கு மேஸ்திரி?"

பாங் மேஸ்திரி முழங்கால் உறையை மாட்டிக்கொண்டே நிமிர்ந்தார். "இந்த வீட்டுக்குத்தான்க்கா. அண்ணன் நேத்து சாயங்காலம் போன் பண்ணினாரே. மரம் வேண்டாம், தடியான விரிப்பே போட்டுடுங்கன்னு. ஏன், உங்ககிட்ட சொல்லலையா?"

மேஸ்திரியின் மனைவி வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். தரை போடும் வேலைக்கு இருவரும் ஜோடியாகத்தான் போவார்கள். எந்த வீட்டில் யார் யாரிடம் எதைச் சொல்லவில்லை என்பது அவளுக்கு ஒரே பார்வையில் பிடிபட்டுவிடும்.

"நீங்க பழசைப் பிரிக்க ஆரம்பிங்க. எதைப் போடறதுன்னு அப்புறம் சொல்றேன்" என்றாள் நாம்சூன்.

மரம் அவள் தேர்ந்தெடுத்தது. ஆப்பிள் கிடங்கில் கை மரத்துப் போகப் பெட்டி அடுக்கிய காசில் வாங்கியது. அடுத்த மாதம் மகள் யெசுலுக்குப் பிரசவம். தாய் வீட்டில், பெரிய அறையில், அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் சூடான தரையில் அவளைப் படுக்க வைக்க வேண்டும். மாமியார் இடுப்பு முறிந்து மருத்துவமனைக்குப் போன நாளிலிருந்து நாம்சூன் இந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவங்க இனி வீட்டுக்கு வர்றது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார் என்று போன மாதம் கணவன் கியூசிக் சொன்ன பிறகுதான், பெரிய அறைக்குள் விளக்கைப் போட்டு நடுவில் நிற்கும் தைரியமே அவளுக்கு வந்தது.

யொங்ஜு பக்கத்துப் பழைய குடும்பங்களில் அது ஒரு வழக்கம். மாமியார் தானாக மனம் வந்து, தன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு சின்ன அறைக்குப் போய், 'இனி பெரிய அறை உன்னுது' என்று வாயால் சொல்ல வேண்டும். அன்றைக்குத்தான் மருமகள் வீட்டுக்காரி ஆவாள். அதுவரை சமையல்காரி. நாம்சூனின் வயதுக்காரிகள் எல்லோரும் அந்த வார்த்தையைக் கேட்டு முடித்து, தங்கள் மருமகளிடம் அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் மட்டும் மாமியார் போங்ஹ்வாக்காரம்மா இடுப்பு முறிந்து ஆம்புலன்சில் ஏறும்போதுகூட, "என் ரூமைப் பூட்டு" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள்.

கியூசிக்கை அழைத்தாள். நாலாவது மணியில் எடுத்தான்.

"மரம் வேண்டாம்னு சொன்னீங்களாமே."

"அம்மா வர்றாங்க. கையெழுத்துப் போட்டாச்சு. மதியம் கூட்டிட்டு வந்துடுவேன்."

"டாக்டர் சொன்னது?"

"டாக்டர் ஆயிரம் சொல்லுவார். அங்க ராத்திரியெல்லாம் அழறாங்களாம். கட்டில்ல முதுகு ஒட்ட மாட்டேங்குதாம். சூடு தரையில படுத்தாத்தான் எலும்பு கூடும்கறாங்க. மரத்துல அந்தச் சூடு வராதாம். விரிப்புதான் வேணுமாம்."

"யெசுலை எங்க படுக்க வைக்கிறது?"

"பிள்ளை பெத்தப்புறம் தங்கற விடுதி இல்லையா? இந்தக் காலத்துப் பொண்ணுங்க அங்கதானே போகுதுங்க."

"அவ இங்கதான் வர்றேன்னு சொல்லியிருக்கா."

"வந்து பேசிக்கலாம் ஜுஹோ அம்மா. டாக்ஸி நிக்குது."

முப்பது வருடத்துக்கு மேலாக அவளுக்கு அந்தப் பெயர்தான். மூத்தவன் ஜுஹோ பிறந்த அன்று வந்த பெயர். இரண்டாவதாக ஒருத்தி பிறந்தும் யாரும் அவளை யெசுல் அம்மா என்று கூப்பிட்டதில்லை.

பெரிய அறையில் மேஸ்திரி கத்தியால் ஒரு மூலையைக் கீறி, விரிப்பை ஓர் இழுப்பு இழுத்தார். அடியில் இன்னொரு விரிப்பு. அதற்கடியில் இன்னொன்று. இந்த வீட்டில் எதையும் எடுத்துவிட்டுப் புதிது போட்டதில்லை. பழசின் மேலேயே புதிது.

"அக்கா, இதுக்கடியில உங்க மாமியார் ஏதாவது சேத்து வெச்சிருந்தா பாதி எனக்கு" என்றாள் மேஸ்திரி மனைவி.

"ஒனக்கு எதுக்குப் பாதி? என் பாதியையும் நீதானே வெச்சிருக்கே" என்றார் மேஸ்திரி.

"அதை வெச்சு என்ன மாளிகையா கட்டினேன்? ஒங்க முட்டிக்கு ஊசி போட்டேன்."

ஒன்றும் இல்லை. கறுத்துப் போன பசையும், செத்த பூச்சிகளும், கடைசி அடுக்கில் எண்ணெய் ஊறிய பழைய காகிதமும்தான். கொதிகலனிலிருந்து வரும் வெந்நீர் முதலில் நுழையும் மூலையில் மட்டும் எல்லா அடுக்குகளிலும் ஒரே இடத்தில் ஒரு பழுப்புத் திட்டு, மேலிருந்து கீழே போகப் போகக் கறுத்துக்கொண்டே போயிருந்தது. மாமியார் படுக்கும் இடம். ஜுஹோ பிறந்தபோது மூன்று வாரம் அந்த இடத்தை நாம்சூனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். வியர்த்து வியர்த்து, போர்வையை எடுக்கவும் அனுமதி இல்லாமல், சந்தோஷமாக வெந்துகொண்டு கிடந்தாள். பேரனைப் பெற்றவள்.

யெசுல் பிறந்தது சின்ன அறையில்.

நாட்டில் கம்பெனிகள் வரிசையாக மூடிய குளிர்காலம் அது. கொதிகலனுக்கு ஊற்றும் எண்ணெய் விலை கண்டபடி ஏறிக் கிடந்தது. மாமனார் அந்த இலையுதிர்காலத்தில்தான் இறந்து போயிருந்தார். அம்மாவைத் தனியாகப் படுக்க விடக்கூடாது என்று கியூசிக் பெரிய அறையில் அம்மா பக்கத்தில் படுக்கப் போய்விட்டான். சின்ன அறைத் தரை மட்டும் அந்த வருடத்திலிருந்து சூடாகவே இல்லை. தலைமாட்டில் வைத்த தண்ணீர்க் கிண்ணத்தில் காலையில் ஐஸ் கட்டியிருக்கும். குழந்தையைத் தன் வயிற்றுக்குமேல் போட்டுக்கொண்டு, அதன் முதுகுப்பக்கம் காற்றுப் போகாமல் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு படுத்திருப்பாள். விடிந்தால் மணிக்கட்டு இரண்டும் அவளுடையதாக இருக்காது. பிரசவத்தில் உடம்புக்குள் போன குளிர் வெளியே வரவே வராது என்பார்கள். வரவில்லை. இன்றைக்கும் அரிசிப் பானையை ஒரு கையால் தூக்க முடியாது.

'அது உன் உடம்பு வாகு' என்று மாமியார் சொன்னதை அவள் மறக்கவில்லை.

மேஸ்திரி சமையலறைக்கு வந்தார். "அக்கா, வெந்நீர்க் குழாய் ஒவ்வொரு ரூமுக்கும் பிரியற பெட்டி பாத்திரம் கழுவற தொட்டிக்கு அடியிலதானே? அதையும் ஒருதரம் பாத்துடறேன். மேல என்னத்தைப் போட்டாலும் அடியில ஒழுகினா வீண்."

சோயா சாறு பாட்டில்களையும் பிளம் ஊறல் ஜாடிகளையும் அவள் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். மேஸ்திரி தரையில் மல்லாந்து, தலையை அலமாரிக்குள் விட்டு, டார்ச்சைப் போட்டார்.

"ஒரு வால்வைக் கம்பி போட்டு முறுக்கிக் கட்டியிருக்கே. இது எந்த ரூமு?"

"சின்ன ரூமா இருக்கும். அந்த லைன் அடைச்சுப் போச்சு. தரையை உடைச்சாத்தான் சரி பண்ண முடியும்."

"யார் பாத்துச் சொன்னது?"

"வீட்டுக்காரர்."

மேஸ்திரி கையை இன்னும் உள்ளே நீட்டினார். குறடு கம்பியை வெட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் இரண்டு தட்டு. அப்புறம், சுவருக்குள் யாரோ தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். வாளியில் துரு நிறத்தில் தண்ணீர் கொட்டியது. கொஞ்ச நேரத்தில் தெளிந்தது.

"அடைப்பு ஒண்ணும் இல்லக்கா. நல்லாத்தான் ஓடுது. மூடி வெச்சிருக்காங்க, அவ்வளவுதான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். கையைத் துடைத்துக்கொண்டு பெரிய அறைக்குப் போய்விட்டார்.

நாம்சூன் அந்த ஜாடிகளுக்கு நடுவில் நின்றாள். தினமும் கைவிட்டு எண்ணெய் பாட்டில் எடுக்கும் இடம். அந்த வால்வுக்கு ஒரு சாண் தள்ளி. கொதிகலனும் குழாயும் ஆண்கள் சமாசாரம் என்று ஒருமுறைகூடக் குனிந்து பார்க்காமல், அதன் தலைக்குமேல் நின்று இருபத்தேழு வருடம் பாத்திரம் கழுவியிருக்கிறாள்.

சின்ன அறைக்குப் போனாள். குளிருக்குப் போட்டுப் படுக்கும் மின்பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தாள். உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, வெகு நேரம் கழித்து, சுவரோரத்தில் கோடு போல ஒரு வெதுவெதுப்பு. நகர்ந்து நகர்ந்து வந்து விரல்களுக்கடியில் நின்றது.

சுகமாக இல்லை. கன்னத்தில் அறை வாங்கினால் சுடுமே, அப்படி இருந்தது.

மாமியாரிடம் கேட்க வேண்டியதை அங்கேயே உட்கார்ந்து கோர்த்தாள். இத்தனை வருடம் அரைகுறையாக இருந்த வெறுப்புக்கு இன்றைக்கு ஒரு ஆதாரம் கிடைத்திருக்கிறது. அவள் வாழ்க்கையில் கெட்டது எல்லாவற்றுக்கும் காரணமான கை இன்று மதியம் சக்கர நாற்காலியில் இந்த வீட்டுக்குள் வருகிறது. வரட்டும். அந்த நினைப்பில் ஒரு தெம்புகூட இருந்தது.

மதியம் தாண்டித்தான் வந்தார்கள். கியூசிக் நாற்காலியை வாசற்படியில் ஏற்றத் தெரியாமல் திணற, மேஸ்திரி ஒரு பக்கம் பிடித்தார். போங்ஹ்வாக்காரம்மா பாதியாகிப் போயிருந்தாள். கண் மட்டும் பழைய கண்.

"என்னடா இது, வெறும் சிமெண்டு? என் ரூமைப் பிச்சுப் போட்டுட்டீங்களா?"

"புது விரிப்புப் போடறோம்மா. சாயங்காலத்துக்குள்ள ஆயிடும்" என்றான் கியூசிக்.

நாம்சூன் சின்ன அறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் அந்தக் கம்பித் துண்டு இருந்தது.

"அத்தே, ஒண்ணு கேக்கணும். சின்ன ரூம் வால்வை நீங்கதானே மூடச் சொன்னீங்க?"

கிழவி கம்பியைப் பார்த்தாள். கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஆமா. நாந்தான் சொன்னேன். அந்த வருஷம் எண்ணெய் விக்கிற விலைக்கு என்னை வேற என்ன பண்ணச் சொல்றே? உங்க மாமா போன கையோட வந்த குளிரு. நீயும் அப்ப உங்கம்மா வீட்டுக்குப் போயிருந்தே. ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்குச் சூடு?"

"நான் திரும்பி வந்தேனே அத்தே. வயித்துல எட்டு மாசத்தோட."

"வந்தே. வர்றதுக்கு முன்னாடி திறந்துடுடான்னு இவன்கிட்ட சொன்னேன்."

மேஸ்திரியின் மனைவி கையிலிருந்த பசைச் சுரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"பொண்ணு பொறந்ததுல எனக்கு வருத்தம்தான். அதை நான் ஒளிக்கலையே, உன் மூஞ்சிக்கு நேராவே காட்டினேன். அதுக்காகப் பிள்ளை பெத்தவளை ஐஸ்ல படுக்க வைக்க நான் என்ன பிசாசா?" கிழவி மகன் பக்கம் திரும்பினாள். "திறந்தேன்னு சொன்னியேடா."

கியூசிக் நாற்காலியின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"கம்பெனியில ஆள் குறைச்சுக்கிட்டிருந்த நேரம்மா. தினம் யார் பேரு வருமோன்னு… மறந்துட்டேன்."

"அடைச்சுப் போச்சுன்னு எங்கிட்ட சொன்னீங்களே" என்றாள் நாம்சூன்.

"நீ வந்து குளுருது குளுருதுன்னே. மூடியிருக்குன்னு சொன்னா, அப்ப ஏன் மூடினீங்கன்னு ஆரம்பிப்பே. உனக்கும் அம்மாவுக்கும் நடுவுல என்னால முடியல. அடைச்சிருக்குன்னுட்டேன்."

"சரி. அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் திறந்தா, அடைப்பு எப்படிப் போச்சுன்னு கேப்பே."

"அதுக்கப்புறம்?"

"நீதான் மின்பாய் வாங்கிட்டியே. சரி, சமாளிச்சுக்கிட்டான்னு…" அவன் நிஜமாகவே புரியாதவன் போல அவளைப் பார்த்தான். "பழங்கதை ஜுஹோ அம்மா. இப்பதான் திறந்தாச்சே. ஒண்ணு பண்ணலாம். யெசுல் வந்தா சின்ன ரூம்லயே படுத்துக்கட்டும். இனிமே நல்லா சூடா இருக்கும்."

அவன் முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்ட நிம்மதி.

நாம்சூன் காலையிலிருந்து கோர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எதற்கும் உதவாமல் போயின. அவை எல்லாம் ஒரு கொடுமைக்காரிக்காகத் தயாரானவை. ஒரு மனுஷி தன்னை வெறுத்து, யோசித்து, கணக்குப் போட்டுச் செய்தாள் என்றால் அதற்குப் பதில் வெறுக்கலாம். அந்த வெறுப்பில் தனக்கும் ஒரு மதிப்பு உண்டு. இங்கே யாரும் அவளை வெறுக்கவில்லை. அவள் ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான். ஒரு கைப்பிடியைக் கால் சுற்று திருப்பும் அளவுக்குக்கூட ஞாபகத்தில் இல்லை.

கம்பித் துண்டைச் சமையலறைக் குப்பையில் போட்டாள். உள்ளே போய்ப் பையை எடுத்தாள். இரண்டு உடுப்பு. மாத்திரை டப்பா. மகளுக்கென்று சந்தையில் வாங்கி வைத்திருந்த காய்ந்த கடற்பாசிக் கட்டு. பிரசவச் சூப்புக்கான பாசியை மடிக்கக் கூடாது, முறிக்கக் கூடாது என்பதால் கடைக்காரி நீளமாகவே காகிதம் சுற்றிக் கொடுத்திருந்தாள். பைக்குள் அடங்காமல் அது வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"எங்கே கிளம்பறே?" என்றான் கியூசிக்.

அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

வெறும் சிமெண்டுத் தரையின் நடுவிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. உரத்த குரல் இல்லை.

"மேஸ்திரி, மரத்தையே போடுங்க. அவ எதைச் சொன்னாளோ அதைப் போடுங்க. பெரிய ரூம் இனி அவளுது. என்னைச் சின்ன ரூமுக்குத் தள்ளிட்டுப் போங்க."

எத்தனை இரவு இந்த வார்த்தையை அவள் மனசுக்குள் நடத்திப் பார்த்திருக்கிறாள். மாமியார் சொல்வாள், தான் பதறிப் போய் மண்டியிட்டு, 'ஐயோ வேண்டாம் அத்தே, அது எப்பவும் உங்க ரூம்' என்பாள், மாமியார் மறுபடி வற்புறுத்துவாள், கடைசியில் அழுதுகொண்டே சம்மதிப்பாள். அந்த அழுகையைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

இப்போது வார்த்தை வந்துவிட்டது. அவளுக்குள் எதுவும் அசையவில்லை. அடுத்த வீட்டில் யாரோ யாருக்கோ சொல்வது போல இருந்தது.

"படுங்க அத்தே. சின்ன ரூம் இன்னிக்குச் சூடாத்தான் இருக்கு" என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

கியூசிக் வாசல்வரை பின்னாலேயே வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான், வேலைக்காரர்கள் காதில் விழாமல் இருக்க.

"நீ பாட்டுக்குப் போனா அம்மாவை யார் பாத்துக்கிறது? குளிப்பாட்டணும், திருப்பிப் படுக்க வைக்கணும். ராத்திரி யாராவது பக்கத்துல இருக்கணும்."

"உங்களுக்குத்தான் பழக்கமாச்சே" என்றாள் நாம்சூன். "அந்தக் குளிரு முழுக்க அவங்க பக்கத்துலதானே படுத்திருந்தீங்க."

கேட்டைச் சாத்தும்போது மேஸ்திரி வேனருகே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "அக்கா, மரமா விரிப்பா? ஒரு முடிவு சொல்லிட்டுப் போங்க." அவர் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருங்க" என்றாள்.

மகள் இருக்கும் தேகுவுக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, கடற்பாசிக் கட்டை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டாள். ஊர் எல்லையில் இலை உதிர்ந்த ஆப்பிள் தோட்டங்கள் பின்னால் ஓடின. அழுகை வரும் என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. மகளுக்குப் போன் போட்டாள்.

"யெசுல், நான் பஸ் ஏறிட்டேன்."

"எந்த பஸ்ஸும்மா? எங்க?"

"உன்கிட்டதான். இனி பிரசவம் முடியற வரைக்கும் அங்கதான். நீ இங்க வர வேண்டாம்."

அந்தப் பக்கம் டிவி சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் பெரிதாகச் சிரித்தாள். ஒரு கதவு சாத்தப்பட்டது. மகளின் குரல் இறங்கி வந்தது.

"அம்மா, இன்னிக்கு வேண்டாமே. என் மாமியார் காலையில வந்துட்டாங்க. பெட்டி படுக்கையோட. குழந்தை பொறக்கற வரைக்கும் இங்கதான்னு சொல்றாங்க. எனக்கே தெரியாதும்மா, அவங்களும் அவங்க பிள்ளை ஜின்வூவும் பேசி வெச்சிருக்காங்க."

"எங்க படுத்திருக்காங்க?"

"எங்க பெரிய ரூம்லதான். அவங்களுக்கு முதுகு வலியாம்."

"நீ?"

"குழந்தைக்குன்னு வெச்ச சின்ன ரூம் இருக்கில்ல, அதுல. எனக்கு வசதியாத்தான் இருக்கு. நிம்மதியா…"

"தரை சூடா இருக்கா?"

"என்னம்மா நீ. புது அபார்ட்மெண்ட்டு. எல்லா ரூம்லயும் சூடு வரும். ஜின்வூதான் அதெல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கான்."

"அதைக் கேக்கல. கையை வெச்சுப் பாரு."

"இப்பவா? என்னால குனியக்கூட முடியலம்மா."

"சுவரைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உக்காரு. உக்காந்து கையை வெச்சுப் பாரு. நான் லைன்ல இருக்கேன்."

யெசுல் முனகினாள். பிறகு சுவரில் கை உரசும் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், கனமான உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கும் சத்தம். நாம்சூன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வெச்சியா?"

விரல் நுனி தரையைத் தட்டும் சத்தம் வந்தது.

"யெசுல், முழுக் கையையும் வெச்சுப் பாருடி."

"வெச்சிருக்கேம்மா" என்றாள் மகள். "ஜில்லுன்னு இருக்கும்மா."